கட்டற்ற மென்பொருளும் நம் கடமையும்

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் ஃபோன் பண்ணினார். "தம்பி, நீ சாஃப்ட்வேர்ல இத்தனை வருஷமா இருக்க. பிள்ளைகளுக்கு உபயோகமா ஒரு அரை மணி நேரம் பேசு" என்றார். எதைப் பேசுவது என்று யோசித்தேன். வெற்றிக் கதை சொல்ல இந்த மேடையில் என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். படித்து முடித்து வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் முதல் வருஷத்திலேயே செய்யக்கூடிய தப்பு அது.

முதலில் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். உங்கள் ஃபோனை எடுங்கள். இந்த ஹாலில் ஃபோனை எடுக்காதே என்று கேட்டுத்தான் உங்களுக்குப் பழக்கம். இன்று ஒரு நாள் எடுக்கலாம். ஆண்ட்ராய்டு ஃபோனாக இருந்தால் செட்டிங்ஸ் போங்கள், அபௌட் ஃபோன், அதற்குள் லீகல் இன்ஃபர்மேஷன், அதற்குள் லைசன்ஸ். ஃபோனுக்கு ஃபோன் இடம் கொஞ்சம் மாறும், ஆனால் எங்காவது இருக்கும். விரலால் தள்ளிப் பாருங்கள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். முழுக்க முழுக்கப் பெயர்களும் நிபந்தனைகளும். அந்தப் பெயர்களெல்லாம் யார்? உங்கள் ஃபோனுக்குள் ஓடும் மென்பொருளை எழுதி, "எடுத்துக்கோ" என்று உலகத்துக்குக் கொடுத்தவர்கள்.

ஓர் உதாரணம். உங்கள் ஃபோனில் 'கொ' என்று அடிக்கிறீர்கள். கொம்பு முன்னாலும், கால் பின்னாலும், 'க' நடுவிலும் சரியாக வந்து உட்காருகிறது. இதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற ஒரு லைப்ரரி. பெயர் பாரசீக மொழியிலிருந்து வந்தது. 'திறந்த எழுத்து' என்று பொருள். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. நாம் தமிழில் மெசேஜ் அனுப்ப அது உதவுகிறது. அதற்கு நாம் ஒரு பைசா கொடுத்ததில்லை.

லைப்ரரி என்றதும் நம் கல்லூரி நூலகத்தை நினைக்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் செய்து தரும் புரோகிராம் துண்டுகளின் தொகுப்புக்குத்தான் அந்தப் பெயர். நாமே எல்லாவற்றையும் எழுதாமல், தயாராக இருப்பதை நம் புரோகிராமோடு சேர்த்துக்கொள்வோம். கொத்தனார் செங்கல்லைத் தானே சுட்டுக்கொண்டு இருப்பதில்லை அல்லவா? அது போல.

இந்த லைப்ரரிகளில் பெரும்பங்கு 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்ற வகை. ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்லுக்கு இனாம் என்றும் பொருள், சுதந்திரம் என்றும் பொருள். நம் பாஷையில் இந்தக் குழப்பம் இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று அழகாகச் சொல்லிவிட்டோம். யாரும் ஓட்டலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வளர்ந்த எண்ணம் இது. ஆனால் கட்டு இல்லை என்பதால் உடைமையாளர் இல்லை என்று ஆகிவிடாது. எழுதியவருக்குப் பதிப்புரிமை இருக்கிறது. அந்த உரிமையை வைத்துக்கொண்டுதான் அவர் சில நிபந்தனைகளோடு நமக்குக் கொடுக்கிறார். அந்த நிபந்தனைகள் எழுதிய தாளுக்குத்தான் லைசன்ஸ் என்று பெயர்.

இது எனக்கு 2011-இல் இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனபோது தெரியாது.

சென்னையில் ஒரு சிறிய கம்பெனியில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். ஜவுளிக்கடை, பாத்திரக்கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளைச் செய்து விற்றார்கள். மூல நிரலை, அதாவது சோர்ஸ் கோடை, யாருக்கும் காட்ட மாட்டார்கள். காசு கொடுத்தவர் ஓட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இதைத் தனியுரிமை மென்பொருள் என்கிறோம். அதில் தவறு ஒன்றும் இல்லை. மாசம் பிறந்தால் நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே!

2013-இல் தீபாவளி வியாபாரத்துக்கு முன், பில்லை பி.டி.எஃப். ஆக மாற்றி வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்று எனக்கு வேலை வந்தது. பத்து நாள் கெடு. ஏழு நாள் முட்டி மோதினேன். எட்டாம் நாள் ராத்திரி இன்டர்நெட்டில் ஒரு லைப்ரரி கிடைத்தது. ஒன்பது ஃபைல்கள். சேர்த்தேன், ஓடியது. கூடவே 'காப்பியிங்' என்று ஒரு ஃபைல் இருந்தது. லைசன்ஸ் அதில்தான் இருந்தது. நான் திறந்தே பார்க்கவில்லை. "பேரே காப்பியிங், காப்பி அடிச்சுக்கோன்னுதானே அர்த்தம்" என்று பக்கத்து சீட்டில் ஜோக் வேறு அடித்தேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் கம்பெனியின் பதிப்புரிமை வரி இருக்க வேண்டும். இந்த ஒன்பது ஃபைல்களின் தலையிலோ எழுதியவர் பெயரும், இது ஜி.பி.எல். லைசன்ஸில் தரப்படுகிறது என்ற வரிகளும் இருந்தன. நான் அவற்றை அழித்துவிட்டுக் கம்பெனி வரியைப் போட்டேன். பத்து நிமிஷ வேலை. தீபாவளிக்கு ஒரு பேன்ட் பிட்டும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்துப் பாராட்டினார்கள்.

2015-இல் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எங்கள் மென்பொருளை வாங்கித் தங்கள் நாட்டில் விற்க முன்வந்தது. கையெழுத்துப் போடும் முன் மூல நிரல் முழுவதையும் ஒரு சோதனைப் புரோகிராம் வழியாக ஓட்டிப் பார்த்தார்கள். உலகத்தில் உள்ள கட்டற்ற நிரல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் புரோகிராம் அது. தலைப்பு வரியை அழித்தால் அதை ஏமாற்ற முடியாது; உள்ளே இருப்பதைப் படித்துவிடும். என் ஒன்பது ஃபைல்களும் சிவப்பு மையில் வந்து நின்றன.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் நம் ஊர்க்காரர், நம் கல்லூரியில் எனக்குப் பல வருஷம் மூத்தவர். எல்லாரும் சார் என்பார்கள், நான் மட்டும் அண்ணாச்சி என்பேன். ஆறு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இது யாரு வேலை?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்கவில்லை.

அதற்கு முந்தின வருஷம் நிரல்களையெல்லாம் வேறு சர்வருக்கு மாற்றியிருந்தோம். பழைய பதிவுகள் வரவில்லை. அந்த ஃபைல்களில் கடைசியாகக் கை வைத்தவர் என்று பதிவில் இருந்தது, கான்ட்ராக்டில் வேலை பார்த்த ஒரு டிப்ளமோ பையனின் பெயர். வீரவநல்லூர்க்காரன். "சார், நான் தமிழ் எழுத்து தள்ளிப் போறத மட்டும்தான் சரி பண்ணேன்" என்று அவன் சொன்னான். யாரும் நம்பவில்லை. அன்று சாயங்காலம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் பையை மாட்டிக்கொண்டு என் மேஜையைத் தாண்டித்தான் போனான்.

அன்று ராத்திரி மேன்ஷன் அறையில் எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் போய், "அண்ணாச்சி, அது நான்தான்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஏம்ல நேத்தே சொல்லல?" என்னிடம் பதில் இல்லை. "தெரியாம ஒரு லைப்ரரியை எடுத்தது பெருசில்ல, அதச் சரி பண்ணிரலாம். அடுத்தவன் பேரை அழிச்சிருக்கியே, அத எப்படிச் சரி பண்ணுவ?" என்றார்.

பையனுக்கு உடனே ஃபோன் போட்டுக் கூப்பிட்டார்கள். வந்தான். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

இப்போது லைசன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதில் என்ன சிக்கல் என்று புரிந்தால்தான், நாங்கள் அதிலிருந்து எப்படி வெளியே வந்தோம் என்பதும் புரியும். நம் ஊர் உதாரணமே சொல்கிறேன்.

தாமிரபரணியில் படித்துறைகள் இருக்கின்றன. சில படித்துறைகளில் கட்டிக் கொடுத்தவர் பெயர் பொறித்த கல் இருக்கும். எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் மொண்டுகொள், வீட்டுக்குக் கொண்டு போ, காப்பி போட்டு விற்றாலும் விற்றுக்கொள். அந்தக் கல்லை மட்டும் பெயர்க்காதே. இது முதல் வகை. எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி லைசன்ஸ்கள் இதில் சேரும். தனியுரிமை மென்பொருளில் தாராளமாகச் சேர்க்கலாம். எழுதியவர் பெயரையும் லைசன்ஸ் வாசகத்தையும் கூடவே கொடுக்க வேண்டும். அப்பாச்சியில் 'நோட்டீஸ்' என்ற ஃபைல் இருந்தால் அதையும் கொடுக்க வேண்டும். பேட்டன்ட் உரிமை பற்றியும் அதில் வாசகம் உண்டு.

இரண்டாவது, எல்.ஜி.பி.எல். லைப்ரரிகளுக்கென்றே 1991-இல் வந்தது. இங்கே வாய்க்கால் பொது, வயல் உன்னுடையது. வயலில் என்ன பயிர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் வாய்க்காலை நீ வெட்டிச் சீர்திருத்தினால் அந்தச் சீர்திருத்தம் பொதுவுக்குச் சேர வேண்டும். வாய்க்காலை உன் காம்பவுண்டுக்குள் வைத்து சிமென்ட் போட்டு மூடிவிடவும் கூடாது. அதாவது, உன் மென்பொருளை வாங்கியவர் அந்த லைப்ரரியைத் திருத்தி, திருத்தியதை உன் மென்பொருளோடு சேர்த்து ஓட்டிப் பார்க்க வழி இருக்க வேண்டும். அதனால்தான் லைப்ரரியைத் தனி ஃபைலாக, ஓடும்போது இணையும்படி வைப்பது நல்லது என்பார்கள். உள்ளேயே கலந்து ஒரே ஃபைலாகச் செய்தால், மறுபடி இணைத்துப் பார்ப்பதற்கு வேண்டிய ஆப்ஜெக்ட் ஃபைல்களையும் கொடுக்க வேண்டிவரும்.

மூன்றாவது, ஜி.பி.எல். 1989-இல் முதல் பதிப்பு, 1991-இல் இரண்டாவது, 2007-இல் மூன்றாவது. பாபநாசத்துக்குக் கீழே கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை நம் ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். மேலே இருப்பவர் வயலுக்குப் பாய்ச்சிக்கொள்ளலாம். ஆனால் வடிகிற தண்ணீர் கீழே உள்ள குளத்துக்கும் வாய்க்காலுக்கும் போக வேண்டும். மேலேயே கட்டி வைத்துக்கொண்டால் கீழ்மடைக்காரன் என்ன செய்வான்? ஜி.பி.எல். கேட்பதும் அதுதான். எனக்குக் கிடைத்த சுதந்திரம் என்னிடமிருந்து வாங்குகிறவருக்கும் போக வேண்டும். ஜி.பி.எல். லைப்ரரியைச் சேர்த்து ஒரே மென்பொருளாக்கி இன்னொருவருக்குக் கொடுத்தால், அந்த முழு மென்பொருளின் மூல நிரலையும் அதே லைசன்ஸில் அவருக்குக் கொடுக்க வேண்டும். விற்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. மூடி வைத்து விற்கக் கூடாது என்கிறது.

'கொடுத்தால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் கம்பெனிக்குள்ளேயே ஓட்டினால் ஜி.பி.எல். ஒன்றும் கேட்காது. உங்கள் சர்வரில் வைத்து இன்டர்நெட் வழியாக ஜனங்களைப் பயன்படுத்த விட்டாலும் கேட்காது. இந்த இடைவெளியை அடைக்க ஏ.ஜி.பி.எல். என்று இன்னொன்று இருக்கிறது. அதில் வந்த நிரலைத் திருத்தி சர்வரில் வைத்தால், பயன்படுத்துகிறவர்களுக்கு மூல நிரல் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

ஒரே லைப்ரரிக்குள் இரண்டு வகையும் இருக்கலாம். வீடியோ வேலை செய்கிற மாணவர்களுக்கு எஃப்.எஃப்.எம்பெக் தெரிந்திருக்கும். சாதாரணமாக அது எல்.ஜி.பி.எல். ஆனால் எக்ஸ்264 வேண்டும் என்று 'எனேபிள்-ஜி.பி.எல்.' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக் கட்டினால், கிடைப்பது முழுவதும் ஜி.பி.எல். ஆகிவிடும். ஒரு சொல்தான். யாரோ ஒரு ஜூனியர் ராத்திரி ஒரு மணிக்கு அடிக்கிற சொல்.

இப்போது எங்கள் கதையைப் பாருங்கள். எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. பில் மென்பொருள் முழுவதையும் ஜி.பி.எல்.-இல் திறந்துவிடுவது, முதலாளி சம்மதிக்கவில்லை. எழுதியவரிடம் தனி லைசன்ஸ் கேட்பது. அல்லது லைப்ரரியை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதுவது.

இரண்டாவது வழிக்காக அவருக்கு நானே மின்னஞ்சல் எழுதினேன். செய்த தப்பை ஒன்று விடாமல் எழுதினேன். நான்காம் நாள் பதில் வந்தது. கோபமே இல்லை. தனியாக எழுதியிருந்தால் வேறு லைசன்ஸில் கொடுத்திருப்பேன் என்றார். ஆனால் பல வருஷங்களாகப் பதினோரு பேர் திருத்தங்கள் அனுப்பியிருக்கிறார்கள், அவரவர் திருத்தம் அவரவருக்குச் சொந்தம், எல்லாரும் சம்மதித்தால்தான் மாற்ற முடியும், இரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: "நீங்களாகவே சொன்னதற்கு நன்றி."

ஆக, புதிதாக எழுதினோம். அதிலும் ஒரு நியமம். பழைய நிரலைப் பார்த்தவர் புதியதை எழுதக் கூடாது. பார்த்த கை பார்த்ததையே எழுதும். அதனால் நானும் அந்த வீரவநல்லூர்த் தம்பியும் அந்த வேலைக்குள் போகவில்லை. வேறு இருவர் ஏழு வாரம் உட்கார்ந்து எழுதினார்கள். ஏற்கெனவே விற்ற கடைகளில் மாற்றிக் கொடுக்கும் வேலை என் பங்கு. வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கினேன். வெளிநாட்டுக்காரர்கள் விலையைக் குறைத்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

எங்களுக்கு வழக்கு வரவில்லை, தப்பித்தோம். எல்லாரும் தப்பிப்பதில்லை.

லிங்க்சிஸ் என்ற கம்பெனி விற்ற ரவுட்டர் ஒன்றில் லினக்ஸ் இருப்பதை 2003-இல் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் ஜி.பி.எல்.; மூல நிரல் எங்கே என்று கேட்டார்கள். அந்த வருஷம்தான் சிஸ்கோ என்ற பெரிய நிறுவனம் லிங்க்சிஸை விலைக்கு வாங்கியிருந்தது. நிரலோ எங்கோ ஒரு சப்ளையர் வழியாக வந்தது. "நான் எழுதவில்லை, வாங்கித்தான் விற்றேன்" என்பது எடுபடவில்லை. மூல நிரலை வெளியிட வேண்டிவந்தது. மற்றத் தயாரிப்புகள் பற்றிய தகராறு நீண்டு, 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மேல் வழக்குப் போட்டு, 2009 மே மாதம் சமரசம் ஆனது. இதில் ஒரு நன்மையும் விளைந்தது. வெளியான அந்த நிரலை அடிப்படையாக வைத்துத்தான் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்ற ரவுட்டர் மென்பொருள் 2004-இல் பிறந்தது.

நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கமான வழக்கு பிரான்ஸ் நாட்டில் நடந்தது. ஆந்த்ரூவேர் என்ற சிறிய கூட்டுறவு நிறுவனம் 'லாஸோ' என்ற லைப்ரரியை ஜி.பி.எல்.-இல் கொடுத்தது. மூடிய மென்பொருளில் வைக்க வேண்டுமானால் காசு கொடுத்துத் தனி லைசன்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தது. ஆரஞ்ச் என்ற மாபெரும் டெலிஃபோன் கம்பெனி, அரசாங்கத்துக்குச் செய்து கொடுத்த இணைய தளத்தில் அந்த லைப்ரரியைச் சேர்த்து, நிபந்தனைப்படி நடக்கவில்லை. 2011-இல் தொடங்கிய வழக்கு. 2024 பிப்ரவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிறிய நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லி, 5 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுக்க உத்தரவிட்டது. வாங்கியிருக்க வேண்டிய லைசன்ஸை அன்றே வாங்கியிருந்தால்?

நம் நாட்டில் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில், கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்பு என்ற கணக்கில் சேர்ந்திருக்கிறது. பாரதியார் கவிதையும் நம் பில் போடும் புரோகிராமும் ஒரே இனம் என்று சட்டம் சொல்வதில் நமக்குப் பெருமைதான்! திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், 63-பி பிரிவில் 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

லைசன்ஸ் மீறினால் உரிமையே போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பில், நிபந்தனையை மீறிய கணமே உங்கள் உரிமை தானாக ரத்து. மூன்றாம் பதிப்பு கொஞ்சம் இரக்கமானது. முதல் தடவை தப்புச் செய்தவர், நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் சரி செய்துவிட்டால் உரிமை திரும்பக் கிடைக்கும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "வேண்டாம்பா இந்த வம்பு, எல்லாத்தையும் நாமளே எழுதிக்குவோம்" என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஒழுங்காகச் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சிற்றாற்றுப் பக்கம், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோகோ, 2023-இல் 'உலா' என்ற பிரவுசரை வெளியிட்டது. அது குரோமியம் என்ற திறந்த மென்பொருளின் மேல் கட்டியது. குரோமியத்தின் வரலாற்றைப் பாருங்கள். கே.டி.இ. என்ற தொண்டர் கூட்டம் கே.எச்.டி.எம்.எல். என்ற லைப்ரரியை எல்.ஜி.பி.எல்.-இல் எழுதியது. ஆப்பிள் அதை எடுத்து 2003-இல் சஃபாரி பிரவுசரைச் செய்தது. சஃபாரி மூடிய மென்பொருள்தான். ஆனால் லைப்ரரியில் செய்த திருத்தங்களைத் திருப்பிக் கொடுக்க லைசன்ஸ் கட்டாயப்படுத்தியது. அது வெப்கிட் ஆனது. அதிலிருந்து கூகுள் 2013-இல் பிளிங்க்கைப் பிரித்தது. அது குரோமியத்தில் இருக்கிறது. அந்தத் தொண்டர்களின் நிபந்தனை இல்லாதிருந்தால் இந்த வாய்க்கால் ஆப்பிள் காம்பவுண்டுக்குள்ளேயே நின்றிருக்கும். நம் பக்கம் வரை வந்திராது.

மாணவச் செல்வங்களே, வேலைக்குப் போகும் முன் நீங்கள் மனதில் வைக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: சேர்ப்பதற்கு முன் லைசன்ஸைப் படியுங்கள். சேர்த்த பிறகு படித்தால் அது பிரேதப் பரிசோதனை.

இரண்டு: லைசன்ஸே இல்லாத நிரல் யாருக்கும் சொந்தமில்லாத நிரல் ஆகாது. இன்டர்நெட்டில் திறந்து கிடந்தாலும், எழுதியவர் அனுமதி சொல்லாதவரை எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

மூன்று: ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, எந்த லைசன்ஸ், எங்கே சேர்த்தோம், திருத்தினோமா இல்லையா. இந்தப் பட்டியலுக்கு எஸ்.பி.ஓ.எம். என்று இன்று பெயரே வந்துவிட்டது. 2024-இல் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு இதற்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. ஒரு லைப்ரரி தனக்குள் வேறு பத்து லைப்ரரிகளை இழுத்து வரும், அவற்றையும் எழுதுங்கள்.

நான்கு: செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதித் தருகிறதே என்று நினைக்காதீர்கள். அது படித்ததும் இந்தக் கட்டற்ற நிரல்களைத்தான். லைசன்ஸையும் பெயரையும் விட்டுவிட்டுத் தருகிறது என்று 2022 நவம்பரில் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். அது தந்ததை உங்கள் பெயரில் போடும் முன் சோதித்துப் பாருங்கள்.

ஐந்து: சந்தேகம் வந்தால் கேளுங்கள். கம்பெனியில் சட்டம் தெரிந்தவரைக் கேளுங்கள்; எழுதியவரையே கேளுங்கள். மின்னஞ்சலுக்குக் காசு இல்லை.

ஆறு: முடிந்ததைத் திருப்பிக் கொடுங்கள். ஸெரோதா நிறுவனம் 2024-இல் வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் என்று இதற்காக ஒரு நிதி அறிவித்தது. நம்மால் அவ்வளவு முடியாது. ஒரு பிழையைக் கண்டுபிடித்து எழுதி அனுப்பலாம், விளக்கக் குறிப்பைத் தமிழில் எழுதலாம். தமிழ் எழுத்துகளைக் கையாள 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் லைப்ரரி எம்.ஐ.டி. லைசன்ஸில் இருக்கிறது. உங்கள் புராஜெக்டை அதிலிருந்து தொடங்கலாம். ஒரு எச்சரிக்கை: வேலைக்குச் சேர்ந்த பிறகு வேலையில் எழுதுவது பொதுவாகக் கம்பெனிக்குச் சொந்தம். வெளியே கொடுக்கும் முன் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. நான் அந்தக் கம்பெனியை விட்டு வெளியே வந்த நாளில் வீரவநல்லூர்த் தம்பி டீக்கடை வரை கூட வந்தான். அதற்குள் அவனை நிரந்தரமாக்கியிருந்தார்கள். பழைய கதையெல்லாம் பேசினோம். பிரியும்போது சொன்னான்: "அண்ணே, நீங்க உண்மையச் சொன்னது பெரிய விஷயம்தான். ஆனா அன்னைக்கே சொல்லியிருக்கலாம். அந்த ஒரு ராத்திரி எங்க அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம சென்ட்ரல் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தேன்."

அந்த ஒன்பது ஃபைல்களின் தலையில் இருந்த பெயரை நான் அழிக்காமல் விட்டிருந்தால் அவன் அன்று அங்கே உட்கார்ந்திருக்க மாட்டான். அது யாருடையது என்று ஃபைலே சொல்லியிருக்கும். அன்றிலிருந்து எந்த நிரலைத் திறந்தாலும் முதலில் தலைப்பு வரியைத்தான் படிக்கிறேன். நீங்களும் படியுங்கள்.